வெறும் வயிற்றோடு சானல்கரையில்

14.07.2025, திங்கள்

வீட்டுக் கணக்கை முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆடி பிறக்கவில்லை, அதற்குள் ஆரல்வாய்மொழிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. கொடியில் போட்ட துண்டு அடுத்த வீட்டுத் தென்னையில் தொங்கியது. இந்தக் காற்றிலும் அவர் சைக்கிளோடு போய்விட்டு வந்தார். முழங்கால் முட்டுவரை செம்மண்.

தார் ரோடு இருக்க, இந்த மனுஷனுக்குச் சானல்கரையும் குளத்துக்கரையும்தான் வேண்டும். சரல்கல் பாதையில் மிதித்தால்தான் சவாரியாம். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கால்வாய்த் தண்ணீர், நடுவில் கொக்குகளோடு இவரும். அதற்கென்றே தடித்த டயர் வைத்த சைக்கிளை மகள் ஜெப்சிதான் பெங்களூரிலிருந்து அனுப்பினாள். அப்பாவுக்குச் சுகர் குறையட்டும் என்று. குறைந்தும் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் அவர் திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் அடுக்களைக்குமாய் நடந்துகொண்டே இருப்பேன்.

17.07.2025, வியாழன்

இன்று வர நேரமாயிற்று. தாழக்குடியில் பஞ்சராம். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்றுதானே பயப்பட வேண்டும்? நான் அதையா பயந்தேன்? யாரோடு உட்கார்ந்திருக்கிறாரோ என்றுதான் முதலில் வந்தது. பஹ்ரைனில் லாரி ஓட்டிய காலத்துக் குடி. ஊருக்கு வந்து, ஜெப்சி பள்ளிக்கூடம் போகும்போதே விட்டுவிட்டார். பிறகு ஒரு நாளும் தொட்டதில்லை. சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. ஆண்டவரே, இந்த மனசை என்ன செய்ய?

22.07.2025, செவ்வாய்

டிஜோ வந்தான். இவர்களுடைய சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவன் அவன்தான். ஆகஸ்ட் மூன்றாம் தேதி பெரிய சவாரியாம். தேரூர், தாழக்குடி, தோவாளை, மயிலாடி, மருங்கூர் என்று பழைய ஊர்களையெல்லாம் கரைவழியாகவே சுற்றி வருவது.

“மூணாந்தேதி ஞாயித்துக்கிழமைல்லா?” என்றேன்.

“ஆமாக்கா. லீவு நாள்ல தானே எல்லாரும் வர முடியும்.”

“திருவிருந்து ஞாயிறு தம்பி.” மாதத்தின் முதல் ஞாயிறு, கோயிலில் அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் நாள்.

அவன் அவரைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்தார்.

டிஜோ போனபின் நான் பேசியது கொஞ்சமல்ல. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “ஏட்டி, நான் என்ன சாராயக் கடைக்கா போறேன்னு சொன்னேன்?”

24.07.2025, வியாழன்

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அவரே வந்தார். மயிலாடிக் கோயிலில் எட்டரைக்கு ஆராதனை. கூட்டத்துக்கு முன்னால் மிதித்துப் போய், அங்கே திருவிருந்து எடுத்துவிட்டுப் பிறகு மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறாராம்.

“வெறும் வயித்தோடதான் எடுக்கணும்,” என்றேன்.

“நீ அதச் சொல்லாண்டாம். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அப்படித்தானே எடுக்கேன்.”

சரி என்றேன். மனசு லேசாயிற்று. அவருக்கும் அவருடையது, கர்த்தருக்கும் கர்த்தருடையது.

03.08.2025, ஞாயிறு

ஆஸ்பத்திரி. உயிர் இருக்கிறது. ஸ்தோத்திரம். எழுத முடியவில்லை.

05.08.2025, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடியும் முன் கிளம்பினார். சுகர் மாத்திரையை நானே உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை பார்த்து நின்றேன். ஒரு வேளை மாத்திரை தவறவிட மாட்டேன், அதில் நான் கறார். “திருவிருந்து முடிஞ்ச பொறவு சாப்பிடுங்க,” என்றேன். “தெரியும்லா,” என்று சிரித்துக்கொண்டே போனார்.

நம் கோயிலில் திருவிருந்துப் பந்திக்கு வரிசை நகரத் தொடங்கிய நேரம். பக்கத்தில் இருந்த ஞானசெல்வியின் பைக்குள் போன் அதிர்ந்தது. குனிந்து கேட்டாள். பிறகு என் காதோடு:

“மக்கா, எங்க கொழுந்தன் பேசுகான். ஒங்க வீட்டுக்காரரு மயிலாடிக்கு இந்தப் பக்கம் சானல்கரையில கெடக்காராம். பேச்சு கொழறுதாம். நல்ல போதையாம். நீ ஒண்ணும் வெளிய காட்டிக்கிடாத.”

நான் எழும்பிப் போயிருக்க வேண்டாமா? பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது. போகவில்லை. வரிசையோடு நடந்தேன். முழங்கால் போட்டேன். அப்பத்தை வாங்கினேன், ரசத்தைக் குடித்தேன். உள்ளே ஒரு ஜெபமும் இல்லை. என்னை இப்படி நாறடிச்சிட்டாரே — இது மட்டும்தான் ஓடியது. கெடக்கட்டும், தெளிஞ்ச பொறவு வரட்டும். இப்படி நினைத்துக்கொண்டு ஆசீர்வாதம் கூறும்வரை உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேனே!

வெளியே வந்து போனைத் திறந்தால் டிஜோ மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறான். “அக்கா, அண்ணாச்சிக்கு சுகர் எறங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்.”

அங்கே போனபோது அவருக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. விழுந்ததில் தோளெலும்பு முறிவு. டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள், “மாத்திரையப் போட்டுட்டு, சாப்பிடாம, இவ்வளவு தூரம் எதிர்காத்துல மிதிக்கலாமா?” மாத்திரையும் என் சட்டம். வெறும் வயிறும் என் சட்டம். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் சரியாகும்வரை எழும்பாத நான், இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை.

டிஜோ அழுதுவிட்டான். “தோவாளையில எல்லாரும் இட்லி தின்னோம்க்கா. எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? ‘வீட்ல வாக்கு குடுத்துருக்கேம்பா’ன்னு சொல்லிட்டு முன்னால போயிட்டாரு.”

வராந்தாவில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள். சேலை மடிப்பெல்லாம் புல். மயிலாடிக்காரி, பெயர் தாணம்மாள். சானல்கரையில் பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள், ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ரெண்டு வண்டிக்காரப் பயக்க நின்னு படம் புடிச்சிட்டுப் போனானுவ. குடிகாரன்னு சொன்னானுவ. நான் கிட்ட போயி வாய மோந்து பாத்தேன். ஒரு நாத்தமும் இல்ல. மேலெல்லாம் வேர்வ. பசி மயக்கமாட்டு இருக்கும்னு, நான் குடிக்கக் கொண்டு போன காப்பிய கொஞ்சங் கொஞ்சமா ஊத்துனேன். ‘யாருவே நீரு’ன்னு கேட்டா, ‘கோயிலுக்கு நேரமாச்சு, கோயிலுக்கு நேரமாச்சு’ன்னே சொல்லுகாரு.” பிறகு என்னை நேராகப் பார்த்து, “ஏம்பிள்ளே, ஒண்ணும் குடுக்காமலா அனுப்புன?”

அவருடைய ஊர் பேர் தெரியாத ஒருத்தி கிட்டே போய் மோந்து பார்த்தாள். நான்?

09.08.2025, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தோளில் கட்டு. ஜெப்சி லீவு கேட்டு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார்.

ஞானசெல்வி ஹார்லிக்ஸோடு வந்தாள். “எங்க கொழுந்தன் தப்பாட்டு சொல்லிட்டான் அண்ணே,” என்று தொடங்கினாள். நான் காப்பி போடுகிறேன் என்று அவளை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மீதியை அவர் கேட்டுவிடக் கூடாது.

அவள் போனபின் அவர் சொல்கிறார், “நீ ஆராதனையையும் விட்டுட்டு ஓடி வந்துருக்க. பாவம்.”

அப்படியே நம்பட்டும் என்று ஹார்லிக்ஸை எடுத்து வைக்கப் போனேன்.

10.08.2025, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்னேன். அதுவும் பொய்.

11.08.2025, திங்கள்

சொல்லிவிட்டேன். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். கேட்டதும் எழும்பி வரவில்லை என்று. பந்தி எடுத்தேன் என்று. ஆசீர்வாதம் வரை இருந்தேன் என்று.

“குடிச்சிருப்பேன்னு நெனச்சியா?”

“ஆமா.”

“இத்தன வருஷத்துக்குப் பொறவுமா?”

“ஆமா.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை இடது கையால் தள்ளி வைத்தார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

12.08.2025, செவ்வாய்

“மருந்து.” “ம்.” இன்று முழுவதும் இவ்வளவுதான்.

26.08.2025, செவ்வாய்

கன்னிப்பூ நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. ரோடெல்லாம் வைக்கோல் காய்கிறது. அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அறுப்பு மிஷின் போவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சைக்கிளைச் சாக்கு போட்டு மூடிவிட்டார். ஓ.எல்.எக்ஸில் விற்றுவிடு என்று ஜெப்சியிடம் போனில் சொல்வது கேட்டது. சுகர் மறுபடி ஏறுகிறது.

நான் கேட்டது இதுதானே? வீட்டிலேயே இருக்க வேண்டும், கண் முன்னால் இருக்க வேண்டும். இருக்கிறார். இப்படியா கேட்டேன்?

07.09.2025, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. தனியாகப் போனேன். வரிசை நகர்ந்தபோது உட்கார்ந்தே இருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படி இருந்ததில்லை. எல்லோரும் என் காலைத் தாண்டிப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. ஞானசெல்விக்கு நாக்கு சும்மா இருக்காது. அவர் கேட்டார், “நீ பந்தி எடுக்கலியாமே?”

“ஒங்ககூட சரியாகாம எப்படிப் போயி முட்டு போட?”

 குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

21.09.2025, ஞாயிறு

கட்டு அவிழ்த்தாயிற்று. சாயங்காலம் முற்றத்திலிருந்து சத்தம். “ஏட்டி, இங்க வா. இந்த வீலப் பிடி.” சாக்கு கீழே கிடந்தது. ஒரு கையால் அவருக்குக் காற்றடிக்க வரவில்லை. நான் பிடித்தேன். “ஆட்டாத பிடி,” என்றார். “நீங்கதான் ஆட்டுகியோ,” என்றேன். ஒரு திட்டு, ஒரு பதில். எத்தனை நாளாயிற்று!

“ஜெப்சிட்ட விக்கச் சொன்னீங்களே?”

“சொன்னேன். அவ விக்க மாட்டேன்னுட்டா.”

05.10.2025, ஞாயிறு

விடியற்காலையில் அடுப்பு மூட்டினேன். இட்லி வைத்தேன். மாத்திரையும் இட்லியும் ஒரே தட்டில். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னைக்குத் திருவிருந்துல்லா?”

“ஆண்டவருக்குத் தெரியும். சாப்பிடுங்க.”

“நீ?”

நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். திருவிருந்து நாளில் நான் இப்படிச் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.  அவர் குளத்துக்கரை வழியாக ஒரு சுற்று போய்விட்டுக் கோயிலுக்கே வந்துவிடுகிறேன் என்று மிதித்துப் போனார்.

கோயிலில் ஞானசெல்வி, “முகம் தெளிவாட்டு இருக்கே மக்கா,” என்றாள். “இட்லி தின்னுட்டு வந்தேன்,” என்றேன். அவள் திறந்த வாய் மூடவில்லை.

வரிசை நகர்ந்தது. அவர் இன்னும் வரவில்லை. ஒரு நிமிஷம் அந்தப் பழைய நினைப்பு எட்டிப் பார்த்தது. அதோடேயே எழும்பினேன், வாசலுக்குப் போக. பந்தி கிடக்கட்டும், முதலில் ஆளைத் தேடுவோம் என்று.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. “காத்து எதுத்துடுச்சு. நீ எங்க போற?” என்றார். “ஒங்களத் தேடித்தான்,” என்றேன்.

இருவரும் கடைசியாகப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், என் வெள்ளைச் சேலையில் அவர் இருந்த பக்கம் முழுவதும் சரல் தூசி. நாளைக்கு ஊறவைக்க வேண்டும்.