சூளை வாயில் விட்ட கை

மே 9, 1994. திங்கள்
கத்திரி ஆறாம் நாள். எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.
வாங்க: சோப்பு, ரீஃபில், அம்மாவுக்குத் தைலம்.
நாளை இரண்டாம் சூளை பிரிக்கணும். கரண்ட்டு பீஸ் கட்டை, பீங்கான் லோடு. இரண்டு நாள் ஆற வேண்டியதை ஒன்றரை நாளில் திறக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். லாரி வருதாம். அவர் ரூமில் ஃபேன், மோர்.

மே 10, செவ்வாய்
சூளை ஆறிற்றா என்று பார்ப்பது என் வேலை. வாசல் செங்கல் இரண்டைப் பிடுங்கிக் கையை உள்ளே விடணும். வெளியே இருக்கிற சூடுதான் உள்ளேயும் என்றால் சரக்கு இறக்கும் பெண்கள் உள்ளே போகலாம். மார்கழிக்கும் இதே கணக்கு, கத்திரிக்கும் இதே கணக்கு.
"என்ன தர்மாமீட்டரு, போலாமா?" ராணி அக்கா. தலையில் ஈரச் சாக்கு.
விட்டேன். வெளியேயும் நெருப்பு, உள்ளேயும் நெருப்பு. வித்தியாசம் தெரியவில்லை.
"போலாங்க்கா."
பதினோரு மணிக்கு, சுமந்து வந்த பெட்டியைக் கீழே போட்டது அக்கா. "ஒண்ணுமில்ல, பாரு, வேர்வயே இல்ல" என்று சிரித்தது. புருஷன் பேரை வாயால் சொல்லாத அக்கா, என்னைப் பார்த்து "சேகரு" என்றது. விழுந்தது. தோல் காய்ந்த ஓடு.
ஆட்டோ. ஆஸ்பத்திரி. ஐஸுக்கு மீன் மார்க்கெட் ஓடினேன். கையில் இன்னும் மீன் நாற்றம்.

மே 12, வியாழன்
அக்காவுக்கு நினைவு வருது, போகுது.
சூப்பர்வைசர் தாள் நீட்டினார். "செவ்வாக்கிழம வெரதம், சாப்பிடாம வந்துச்சுன்னு எழுது."
அன்று காலை அக்கா மூன்று இட்லி தின்றது. எனக்கும் ஒன்று கொடுத்தது.
"சூடுன்னு எழுதறேங்க."
"சூடு ஊருக்கே பொதுடா. எனக்குந்தான் அடிக்குது. நான் வுழுந்தனா?"
தலைக்கு மேல் ஃபேன். கையெழுத்துப் போடவில்லை. கோபம் வரணும். வரவில்லை. மதியம் புளிக்குழம்பு. தின்றேன்.

மே 17, செவ்வாய்
அக்காவை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நேற்றுப் போய்ப் பார்த்தேன். டம்ளரைப் பிடித்தால் கை நிற்கவில்லை. பிள்ளைகள் பேர் மாறி மாறி வருகிறது. என்னை யார் என்று கேட்டது.
இன்று மறுபடி சூளை. அக்கா இடத்தில் அதன் புருஷன், சேகர் அண்ணன். அதே சாக்கு.
கையை விட்டேன். இன்றும் வித்தியாசம் தெரியவில்லை.
"ஆறலிங்க. நாளைக்கிதான்."
லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சூப்பர்வைசர் அம்மா வரை இழுத்துத் திட்டினார். பெண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். தர்மாமீட்டர் என்று யாரும் கூப்பிடவில்லை.
சேகர் அண்ணன் சாக்கைப் பிழிந்தார்.
"அன்னிக்கு இதச் சொல்லியிருக்கலாம்ல, தம்பி."