எது பழைய மாத்திரை, மாமா?

என் அன்பு மைக் மாமா,

நீங்கள் போன பிறகு கொள்ளிடக்கரை மைதானத்தில் முதல் மேட்ச் நடந்தது. மைக்கில் ஒரு புதுப் பையன். உங்களை அப்படியே காப்பியடிக்கிறான். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். உங்கள் வர்ணனையை வெட்டி ஒட்டி யூடியூபில் ஏற்றிய முதல் ரசிகன் நான். எனக்கு எப்படிப் பிடிக்கும்?

ஆனால் இதை எழுதுவது வேறு கோபத்தில்.

உங்கள் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் திருச்சியில். கிட்னி டாக்டர் ஸ்ரீரங்கத்தில். நடுவே ஒரு காவிரிப் பாலம், அவ்வளவுதான். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்த்ததில்லை. கிட்னி டாக்டர், "அந்தப் பழைய மாத்திரைய நிறுத்திடுங்க" என்றார். அவர் சொன்னது மூட்டுவலி மாத்திரையை. நீங்கள் நிறுத்தியது ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கக் கொடுத்ததை. வீட்டில் இருந்ததிலேயே பழசு அதுதானே?

மறுபடி நெஞ்சு அடைத்து உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஐ.சி.யூ. வாசலில் ஹார்ட் டாக்டர் அத்தையிடம் கத்தினார். "யாரு நிறுத்தச் சொன்னது? ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

காரியம் முடிந்ததும் கிட்னி டாக்டரிடம் போனேன். "நான் அதச் சொல்லலையேப்பா" என்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த ஒரு வார்த்தையை நீங்கள்தான் கேட்டிருக்க வேண்டுமா? அவர்களிடம் போன் இல்லையா?

உங்கள் மேலும் கோபம்தான். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற குரல், டாக்டர் முன்னால் மட்டும் "சரிங்க சார்" என்று சுருங்கிவிடும். கேட்கச் சொன்னால், "தப்பா நினைச்சுக்குவாரு மாப்ள" என்பீர்கள்.

இப்போது அத்தைக்குச் சுகர் டாக்டர் ஒருவர், மூட்டுவலி டாக்டர் ஒருவர். விடுவேனா? நெட்டில் தேடித் தேடிப் படித்து, ஒரே பக்கத்தில் எழுதினேன். அட்டையில் இருக்கிற மாத்திரைப் பெயர், யார் கொடுத்தது, எதற்கு. கடைசியில் கொட்டை எழுத்தில்: 'நிறுத்த வேண்டியதன் பெயரை இங்கே எழுதுங்கள். இதன் நகல் இன்னொரு டாக்டரிடமும் இருக்கும்.'

மூட்டுவலி டாக்டர் தாளைத் தள்ளி வைத்தார். "பழச நிறுத்திட்டு இதப் போடுங்கம்மா. வெளியில கூட்டம் நிக்குது."

அத்தை எழுந்திருக்கவில்லை. "பழசு புதுசெல்லாம் வேணாம் சார். எங்க வீட்டுக்காரர அந்த வார்த்தைக்குத்தான் பறிகுடுத்தேன். பேர எழுதுங்க."

டாக்டர் தாளை எடுத்துப் படித்தார். "இந்த வலி மாத்திரை சுகர் டாக்டருக்குத் தெரியுமா?" என்று அவரே கேட்டார். பெயரை எழுதினார். சுகர் டாக்டருக்கும் கீழே இரண்டு வரி எழுதினார்.

"யாரும்மா இத எழுதுனது?"

"எங்க வீட்டுக் கமெண்டேட்டரு" என்றார் அத்தை. நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை மாமா. உங்களுக்கு ஏன் அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை?

பெயர்கள் நிரப்பாத அந்தத் தாளை உங்கள் யூடியூப் சேனலில் போட்டேன். லால்குடியிலிருந்தும் துறையூரிலிருந்தும் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். "டாக்டர் திட்டுவாரா தம்பி?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். திட்டட்டும், எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

உங்கள் சேனலை மூட மாட்டேன். நம் ஊரில் இன்னொருவர் எது பழசு என்று தெரியாமல் சாக விடமாட்டேன், மாமா. சத்தியம்.

உங்கள் முதல் ரசிகன்,
அக்கா மகன், உங்கள் மாப்ள