நடுவில் இருந்த கேரட்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா எனக்கு எதிரே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மூச்சு சீராக இருக்கிறது, காலை மருந்து முடிந்தது, எனக்கும் முழங்காலைத் தவிர வேறெதுவும் வலிக்கவில்லை. நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு, அடுத்த வரியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள், இப்போது தூங்குகிறாள் என்று சொன்னேனே, இரண்டும் பொய். அவள் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை, இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் கோர்ட் செய்தி எழுதியவன் நான், தப்பாகப் போட்டால் மறுநாளே திருத்தம் போட்டுவிடுவேன், பெற்ற மகளுக்குப் போட வேண்டிய திருத்தம் மட்டும் ஆறு நாள் தாமதமாகிவிட்டது. அதுதான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், நடுவில் போனை எடுக்காமல் கடைசிவரை படி.

பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கையும் பேச்சும் போனதோடு தொண்டையும் தளர்ந்துவிட்டதால், எதையும் மிக்ஸியில் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நீ இங்கே இருந்த ஒரு மாதமும் உன் முகத்துக்காக எப்படியோ விழுங்கினாள், நீ விமானம் ஏறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூட ஆரம்பித்தாள். ஐம்பத்து நாலு கிலோ இருந்தவள் போன மாதம் இருபத்தேழாம் தேதி ஆஸ்பத்திரித் தராசில் நாற்பத்தேழு காட்டினாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மூணு வாரம் டைம் தர்றேன், இருபதாம் தேதி நாப்பத்தாறுக்குக் கீழ இருந்தா வயித்துல குழாய் வெச்சிடலாம், அதுக்கு மேல காத்திருக்க முடியாது" என்றார். அம்மாவுக்குப் பேச்சுதான் போயிருக்கிறதே தவிர காது நன்றாகக் கேட்கும், திரும்பி வரும்போது கார் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. வீட்டுக்கு வந்து நான் கூழை நீட்டியபோது இடது கையால் கிண்ணத்தைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு, "கழு... தண்ணி" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. இருபத்தாறு வருஷம் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் மேஜை முன்னால் நின்றவள் அல்லவா, கடை மூடும் நேரத்தில் எல்லா பிரஷ்ஷையும் ஒரே வாளியில் அலசினால் ஒரு நிறம் வருமே, அதற்கு அவர்கள் கடையில் வைத்திருந்த பெயர் கழுவின தண்ணி. கேரட், பூசணி, பட்டாணி என்று எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, மூன்று வேளையும் அதே நிறத்தில்தான் நான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த வீட்டில் கேரட் கேரட் நிறத்தில்தான் தட்டுக்கு வரும்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வரும் தெரபிஸ்ட் பெண்ணை உனக்குத் தெரியும், அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "குடுக்கலாம் சார், ஆனா நான் சொல்ற மாதிரி மட்டும்தான்" என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள். துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. முள்கரண்டியின் முதுகை அதன் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், விரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தினாலே துண்டு நசுங்கிவிட வேண்டும், எடுத்த பிறகு பழையபடி எழும்பக் கூடாது. தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, துண்டும் தண்ணீரும் சேர்ந்து போனால் தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நான் அடுப்பின் முன்னால் நின்றால் அம்மாவின் நாற்காலி கண்ணில் படாது, எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிடுவாளோ என்று பயம். நீ வாங்கிக் கொடுத்து நாங்கள் ஆறின காபியைச் சுட வைக்க மட்டுமே பயன்படுத்திய மைக்ரோவேவ் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மணியடித்துத் தானே நின்றும் விடும், ஆகையால் அதிலேயே வேக வைப்பதென்று உட்கார்ந்தேன். முதல் நாள் தண்ணீர் விடாமல் வைத்தேன், கேரட் கிழவன் விரல் மாதிரி சுருங்கிப்போய் வந்தது. இரண்டாம் நாள் ருசியாக இருக்கட்டுமே என்று முன்னாலேயே உப்பைத் தூவினேன், உப்பு விழுந்த இடமெல்லாம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிவிட்டது. உப்பு கடைசியில்தான் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலாம் நாள் பிடிபட்டது, கண்ணாடிக் கிண்ணம், மூன்று கரண்டி தண்ணீர், மேலே தட்டைக் கவிழ்த்து ஆவி வெளியேற ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி, எட்டு நிமிஷம், பிறகு திறக்காமல் மூன்று நிமிஷம் அப்படியே விட வேண்டும், மீதி வேக்காடு அந்த மூன்று நிமிஷத்தில்தான் நடக்கிறது. வடித்த தண்ணீரை நான் குடித்துவிடுவேன். நாலாம் தேதி மதியம் ஆரஞ்சாக ஏழு துண்டு கேரட், பக்கத்தில் மஞ்சளாகப் பூசணி, வெள்ளையாகக் காலிஃபிளவர்ப் பூ, மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து அம்மா முன்னால் நீட்டினேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தாள். எட்டு நாள் சாப்பிட்டாள் சுண்டெலி, மதியம் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு, நானும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மதியம், சித்தியும் வந்திருந்தாள். மூன்றாவது துண்டு கேரட் வாய்க்குள் போனது, அம்மாவின் கண் பெரிதானது, இருமலும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கி அடித்தேன், நாலாவது அடியில் துண்டு மேஜையில் வந்து விழுந்தது. உதடு நீலமாகியிருந்தது, நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை, எதற்கும் கடிகாரம் பார்க்கிறவன் அப்போது பார்க்கவில்லை. அந்தத் துண்டை எடுத்து நகத்தால் அமுக்கிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. சித்தி அழுதுகொண்டே, "போதும் அத்தான், உங்க பரிசோதனைக்கு எங்கக்காதான் கிடைச்சாளா, குழாயைப் போட்டுட்டா நிம்மதியா இருக்கலாம்ல" என்றாள். மறுபடி கூழுக்குப் போனோம், அம்மா வாயை மூடிக்கொண்டாள், ஒரு வேளைக்கு மூன்று ஸ்பூன் உள்ளே போனால் பெரிது. அந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய், பாலம் கட்டும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்டாய், நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை தெரபிஸ்ட் வந்தபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை, "எத்தனை துண்டு அழுத்திப் பாத்தீங்க சார்?" என்று கேட்டாள். ஒன்று என்றேன். "எங்கேருந்து எடுத்தீங்க?" ஓரத்திலிருந்து, கைக்கு வாகாக இருந்ததை. ஒரே ஒரு சாட்சியைக் கேட்டுவிட்டு ஒருநாளும் செய்தி எழுதியதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன், வீட்டில், உன் அம்மாவின் தொண்டை விஷயத்தில், ஓரத்துக் கேரட் ஒன்று சொன்னதை நம்பியிருக்கிறேன். கான்கிரீட்டை நடுவில் துளைத்து எடுத்துச் சோதிக்கிறவள் நீ, இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வாய். சாயங்காலம் கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஓரம் வெந்து நடு வேகாதது ஏன் என்று கேட்டேன். கதவைத் திறந்து சுற்றும் தட்டை விரலால் தட்டிவிட்டு, "ராட்டினத்துல நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடிச்சு உக்காந்தவன் ஊரைப் பாத்த மாதிரிதான் சார். உள்ள சூடு ஒரு இடத்துல விழும், ஒரு இடத்துல விழாது. ஓரத்துல இருக்குறது சுத்திச் சுத்தி எல்லாச் சூட்டையும் வாங்கிக்கும், நடுவுல இருக்குறது இருந்த இடத்துலயே உக்காந்துட்டு இருக்கும்" என்றார். போகும்போது அம்மாவிடம், "அக்கா, சாரை நடுவுல உக்கார விடாதீங்க, வேகவே மாட்டாரு" என்று ஒரு போடு போட்டார். அம்மாவின் உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கியது, நான் பார்த்தேன்.

அன்றைக்கே அந்த ஆழமான கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அகலமான கண்ணாடித் தட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போரம் வளையமாக அடுக்குகிறேன், நடுவில் உள்ளங்கை அகலம் காலி. எல்லாத் துண்டையும் ஒரே அளவாக வெட்டுவதற்குப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, சிரிக்காதே. நாலு நிமிஷத்தில் நிறுத்தி, இடம் மாற்றிவைத்து, இன்னும் நாலு. ஆறிய பிறகு மூன்று இடத்திலிருந்து மூன்று துண்டை நசுக்கிப் பார்ப்பது, மீதி ஒவ்வொன்றிலும் பல்குச்சியை ஏற்றிப் பார்ப்பது, எங்கேயாவது தடுத்தால் மொத்தத் தட்டும் திரும்ப உள்ளே போகும். செவ்வாய்க்கிழமை இவ்வளவும் செய்து கொண்டுபோனேன், அம்மா வாயைத் திறக்கவில்லை. கூழும் வேண்டாம், கேரட்டும் வேண்டாம். நான் துண்டை நீட்டினால் அவள் துண்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகச் சாப்பிட்டாள் என்று நான் உன்னிடம் சொன்னதைக் கேட்டவள், வெந்துவிட்டது என்று நான் சொன்னால் மட்டும் எப்படி நம்புவாள். தராசுக்கு மூன்றே நாள் இருந்தது. புதன்கிழமை மதியம் ஊட்டிவிட உட்காரவில்லை. தட்டை அவள் முன்னால் வைத்தேன், முள்கரண்டியை அவள் இடது கையில் கொடுத்தேன், "நான் சொன்னா நம்பாத, நீயே அழுத்திப் பாரு, உனக்குச் சரின்னு பட்டாச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டேன். வெகுநேரம் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு குப்புறத் திருப்பி, ஒரு துண்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள், அவள் நகம் வெளுத்ததை நான் இங்கிருந்து பார்த்தேன். துண்டு தட்டையானது. அதையே எடுத்து வாயில் வைத்தாள். ஒவ்வொன்றாக அழுத்தி, பதினாறில் பதினாலு சாப்பிட்டாள், இரண்டை மட்டும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன், எனக்கு மெத்தென்றுதான் இருந்தது, ஆனாலும் வாதாடவில்லை, தீர்ப்பு அவளுடையது. வியாழக்கிழமை நாலு வேளை இதே மாதிரி, உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் சேர்ந்துகொண்டன.

நேற்று இருபதாம் தேதி. சித்தியும் கூட வந்தாள். தராசில் ஏற்றியபோது நான் எண்ணைப் பார்க்கவில்லை, நர்ஸ் வாயிலிருந்து கேட்டேன், நாற்பத்தாறு கிலோ முந்நூறு கிராம். ஏறவில்லை, குறைந்துதான் இருக்கிறது, ஆனால் கோட்டுக்கு மேலே நிற்கிறது. டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார், "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். இப்படி இன்னொரு தடவை நடந்தா நான் உங்களைக் கேக்க மாட்டேன்" என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் சித்தி, "அந்த ஸ்கேலை எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க அத்தான், செவ்வா வெள்ளி நான் வந்து நறுக்குறேன்" என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று எழுதமாட்டேன், அடுத்த மாதம் தராசு என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது, குழாய்தான் என்று வந்தால் அதையும் அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் செய்வேன். அதுவரை ஒரு வேளைகூட விடுவதாக இல்லை, நானும் விடமாட்டேன், அவளும் விடமாட்டாள்.

இப்போது உன் விஷயம். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. என் பொய்யை வைத்துக்கொண்டு முடிவு எடுக்காதே, இந்தக் கடிதத்தை வைத்து எடு. பயந்துகொண்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வந்து உட்கார்ந்து அம்மாவோடு இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. சின்ன வயதில் நான் நறுக்க நறுக்கப் பச்சைக் கேரட்டைக் கொறித்துத்தானே இந்தப் பெயர் வாங்கினாய், அங்கே வேலை மேஜை முன்னால் நின்றுகொண்டே ரொட்டியை விழுங்குகிறாயாமே, உட்கார்ந்து மென்று சாப்பிடு, விழுங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த வீட்டில் இப்போதுதான் தெரிந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஒன்றை மறக்காதே, மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரைவரை கூப்பிடாதே, சாப்பிடும்போது அம்மா பதில் சொல்ல முயற்சி செய்யக் கூடாது. ஒன்றரைக்குப் பிறகு வீடியோவில் கூப்பிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன், போனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன், தட்டை நீயே பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை முழுதும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொய் சொன்ன இடம் வந்ததும் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன், வேண்டாமென்று தலையை ஆட்டி, விரலை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டாள், இருக்கட்டும் என்று அர்த்தம். உடம்பைப் பார்த்துக்கொள், நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

கீழே நாலு சிவப்புக் கோடு இருக்கிறதே, தாள் கறைபட்டுவிட்டது என்று நினைக்காதே. அம்மா முள்கரண்டியைப் பீட்ரூட் சாற்றில் தொட்டு, தானே அழுத்தியது. இந்தக் கடிதத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டாள்.