படத்தை அழுத்தினால் பலகை போய்விடக் கூடாது

மிட்டுக் கண்ணுக்கு,

நானும் அப்பாவும் சுகம், அவருடைய இருமல்கூட விட்டுவிட்டது. உன் சுகத்தை நீ எழுதினால்தான் நம்புவேன், போனில் அவசரமாகச் சொல்லும் "நல்லா இருக்கேம்மா"வை நான் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, உன் பழைய மேசையை அப்பா தன்னுடையது என்று பிடித்துக்கொண்டார்.

போன மாதம் என் பேச்சுப் பயிற்சி அறைக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். பக்கவாதத்தில் பேச்சு முழுக்கப் போய்விட்டது, ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. முப்பது வருஷம் பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் பேசினவர், தண்ணீர் கேட்க வழியில்லாமல் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்காகக் கம்ப்யூட்டர் ஸ்லைடுகளில் படங்கள் வைத்துப் பலகை மாதிரி செய்தேன். படத்தை அழுத்தினால் லிங்க் வழியாக ஒரு பக்கம் திறந்து, அந்தச் சொல் அப்பா குரலில் கேட்கும். அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் செய்தி வாசிப்பவர் போலத் தொண்டையைச் செருமியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று. வார்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் பிரவுசர் மட்டும்தான் உண்டு, அதனால் எல்லாவற்றையும் வெப் பேஜாகச் சேமித்துக் கொண்டுபோனேன்.

அவர் இடது கையால் மௌஸைப் பிடித்து டம்ளர் படத்தை அழுத்தினார். "தண்ணீர் வேண்டும்" என்றது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் குரல் வரும் அந்தப் பக்கம், பலகை இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, ஒரு படம்கூட இல்லை, திரும்பிப் போகிற அம்புக்குறி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. மௌஸைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, கிடைச்ச வாயும் ஒரு நிமிஷத்துல போச்சுங்களே என்றாள்.

ஆஸ்பத்திரி ஆவண அறை கிளார்க்கைப் பிடித்தேன், எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பாரே, அவர்தான். முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்லைடும் தனி ஃபைல், அதை நோட்பேடில் திறந்தால் லிங்க் எந்த ஜன்னலில் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, 'பேரன்ட்' என்று இருந்ததால்தான் பலகையையே விழுங்கியிருக்கிறது. பார்த்தாயா, கம்ப்யூட்டர்கூடப் பழியைப் பெற்றவர்கள் தலையில்தான் போடுகிறது. அதை 'பிளாங்க்' என்று மாற்றினோம், பலகை அசையாமல் நின்றது, ஆனால் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் புது ஜன்னல், கால் மணி நேரத்தில் பதினேழு சேர்ந்துவிட்டன. கடைசியில் கிளார்க், எல்லா லிங்குக்கும் ஒரே ஜன்னல் பேரைக் குடுத்துட்டா எல்லாம் அதுலயே திறக்கும் மேடம், ஏதாவது பேர் சொல்லுங்க என்றார். எனக்கு வேறென்ன பெயர் வாயில் வரும்? இப்போது பலகை இடது பக்கம், 'மிட்டு' என்ற ஜன்னல் வலது ஓரத்தில் சின்னதாக.

வியாழக்கிழமை அவரை எழுப்பி உட்காரவைக்க அவர் மனைவி அரை மணி நேரம் கெஞ்சினாள். டம்ளரை அழுத்தினார், பலகை நின்றது. தலையணையை அழுத்தினார், அப்போதும் நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நிதானமாகத் தேடி ஒரு படத்தை அழுத்த, அப்பா குரல் கம்பீரமாக "போதும், சற்று அமைதியாக இருங்கள்" என்றது. இதுக்காகவா இவ்வளவு கெஞ்சினேன் என்று அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், அவர் தோளும் குலுங்கியது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஒரு வேலை இருக்கிறது, மறக்காதே. திங்கட்கிழமை உன் வயதுப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வருகிறாள், அவளுக்கு அப்பா குரலும் பொருந்தாது, என் குரலும் கிழம். இத்துடன் உள்ள முப்பது சொற்களை உன் குரலில் பதிவு செய்து அனுப்பு. 'வேண்டாம்' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல், அது உனக்கு நன்றாக வரும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா