அண்ணன் வைத்த வாழை எது

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். கல்லூரிக்கு விடுப்பு. ஜேடர்பாளையம், அண்ணி வீடு. அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்குச் சாமான் வாங்க வேண்டும். புழக்கடையில் அவர் வைத்த ரஸ்தாளி வாழைக்கு அடியிலையெல்லாம் மஞ்சள். தண்டு பிளந்திருக்கிறது. வாடல் நோய். அண்ணியிடம் சொல்லவில்லை.

செவ்வாய்

பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி வந்தார். வெகுநேரம் திதியைப் பற்றியே பேச்சு. கிளம்பும்போதுதான், "உங்க ஊட்டு வாய்க்கா தண்ணி எங்க காட்டுக்குத்தானுங்க வருது" என்றார். அவர் காடு முழுக்க ரஸ்தாளி; வாடல் தண்ணீரோடு போகும். விதையில் முளைத்ததென்றால் ஒன்றிரண்டாவது தப்பும். இது கன்றில் வருவது, எல்லாம் ஒரே உடம்பு மாதிரி.

வெட்டி எரிக்க வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"உங்கண்ணன் கையால வெச்ச மரம் அம்மிணி."

அவர் வைத்தது முதல் தார் தந்ததுமே வெட்டியாயிற்று, இது அதன் கன்றுக்குக் கன்று என்றேன். தாவரவியல் பாடம் எடுக்கிற வாய். அண்ணி சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

புதன்

தலைவலி. பால் திரிந்துவிட்டது. நேற்றுச் சொன்னது சரியா? கன்று என்கிறோம். மண்ணுக்குள் தாயும் அதுவும் ஒரே கிழங்கு. எந்த இடத்தில் தாய் முடிகிறது? அவர் வைத்தது எந்த நாளில் செத்தது? சாகவே இல்லையோ. அப்படியானால் இப்போதுதான் சாகிறது. மாணவிகள் யாரும் இதைக் கேட்டதில்லை. நல்லவேளை.

வியாழன்

வெட்டினோம். அண்ணியே அரிவாளை எடுத்தார். பெரியசாமி பிள்ளைகுட்டிக்காரர், அவர் காடும் போகக் கூடாது என்றார். கிழங்கை அறுத்தால் உள்ளே செம்பழுப்பு வளையங்கள்.

"இதுல உங்கண்ணன் வெச்சது எது?"

துண்டுகளைக் குவித்துத் தீ வைத்தேன். எல்லாம் ஈரம், தீ பிடிக்கவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம். குழியில் சுண்ணாம்பு.

சனி

வெண்ணந்தூர் போனேன். கூட வேலை செய்யும் செல்விக்கு அண்ணன் முன்பு இந்த ரஸ்தாளியிலிருந்தே ஒரு கன்று கொடுத்திருந்தார். அவள் வீட்டில் அது இப்போது புதராக நிற்கிறது. நோய் இல்லை. ஒன்றைப் பெயர்த்து, சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பழைய குழியில் நட முடியாது, மண்ணில் நோய் இருக்கும். வாசலில் ஒரு தொட்டி வைக்கலாம்.

அதே மரம்தான் அண்ணி, துளி வித்தியாசம் கிடையாது என்றேன். சாக்கை விலக்கிப் பார்த்தார். குருத்தைத் தொட்டார்.

"அது அவிய ஊட்டு மரம் சாமி. நம்முது செத்துப் போச்சு."

உள்ளே போய்விட்டார். தொட்டி வாங்கவில்லை.