வேதாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை

12 ஜூன் 2025, வியாழன்

ரத்தம் எடுக்க ஐந்து குத்து. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு, பாதத்தில் ஒன்று. என் பெண் வேதாவுக்கு வயது இரண்டே கால். அந்தச் சின்ன உடம்பில் ஐந்து தரம் குத்த இடம்தான் ஏது?

"நரம்பே கெடைக்கலம்மா, ரொம்பச் சின்ன நரம்பு" என்கிறாள் நர்ஸ். ஏதோ நான்தான் கடையில் சின்ன சைஸ் பார்த்து வாங்கி வந்த மாதிரி. நரம்பைத் தேட ஒரு சிவப்பு லைட் இருக்கிறதாம். எங்கே என்று கேட்டால் சார்ஜ் இல்லையாம். திருப்பதியில் குழந்தைகளுக்கென்றே நடக்கிற ஆஸ்பத்திரி, லைட்டுக்குச் சார்ஜ் இல்லை!

என் பக்கம் ஒரு குறையும் கிடையாது. கவுண்டரில் "பரகடுபுன ரண்டி" என்றார்கள். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு. நேற்று ராத்திரி எட்டு மணிக்குப் பருப்பு சாதம், அதோடு சரி. காலை ஐந்துக்கு எழுப்பி, பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றி, திருமண் இட்டுக் கிளப்பினேன். நடுவில் இவர் டம்ளரும் கையுமாக வருகிறார். "நாக்கு வறண்டிருக்குடி குழந்தைக்கு. ஒரு வாய் தீர்த்தம் குடுக்கட்டுமா?" பிடுங்கி வைத்தேன். பத்து வயதிலிருந்து ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவள் நான். உபவாசம் என்றால் என்ன என்று எனக்கா சொல்லித் தர வேண்டும்?

குத்தும்போது இவர் எங்கே? வராந்தாவில், சுவரைப் பார்த்துக்கொண்டு பாசுரம் முணுமுணுத்துக்கொண்டு. கோயில் கோஷ்டியில் கணீரென்று சேவிக்கிற கண்ணபிரான் ஸ்வாமிக்கு ஊசியைக் கண்டால் குரலே இல்லை.

13 ஜூன், வெள்ளி

லேபிலிருந்து போன். நேற்று கடைசியாகப் பாதத்தில் எடுத்த ரத்தம் போதவில்லை, அதுவும் உறைந்துவிட்டதாம். மறுபடி வர வேண்டுமாம். மறுபடி!

16 ஜூன், திங்கள்

டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். வேதா பிறக்கும்போதே தைராய்டு சுரப்பு குறைவு. தினமும் காலையில் ஒரு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறோம். அளவு சரிதானா என்று ரத்தம்தான் சொல்ல வேண்டும். மூன்று வயது வரை மூளை வளர்கிற காலம், இப்போது குறைந்துபோனால் பின்னால் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது என்கிறார்.

"மார்ச்ல எடுத்தது போதலை, ஏப்ரல்ல எடுக்கவே முடியலை, இப்ப இது. அளவே தெரியாம எத்தனை மாசம்தான் மாத்திரை எழுதறது? இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலையே இவ, கவனிச்சீங்களா?"

கவனிக்காமலா? எதிர்வீட்டுக் குழந்தை இவளைவிட நாலு மாதம் சின்னது, வாய் மூடுவதில்லை. இவள் "அம்மா" என்பாள். "வேண்டாம்" என்பாள். அவ்வளவுதான்.

19 ஜூன், வியாழன்

மறுபடி போனோம். நாலு குத்து. ஒரு சொட்டு வரவில்லை. இந்தத் தடவை வேறு ஆள். "அழுதா நரம்பு ஒளிஞ்சிக்கும், அழாம பாத்துக்கோங்க" என்கிறான். வந்ததே கோபம்! "குத்தினா அழாம சிரிக்குமா குழந்தை?" என்று கத்திவிட்டேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆட்டோவில் சண்டை. நரம்பு யார் வீட்டு நரம்பு என்று. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கையில் பச்சையாகப் புடைத்துக்கொண்டு நிற்கும் என்றேன். "அதான் கோபத்துல தெரியறதே" என்றார். இன்றைக்கும் காலையில் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தார், மனுஷர். இன்றைக்கும் பிடுங்கி வைத்தேன்.

21 ஜூன், சனி

வேதா பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு பேனாவால் குத்துகிறாள். கையில், காலில், திரும்பக் கையில். புதிதாக ஒரு வார்த்தை வந்திருக்கிறது. "குத்து." தேடுகிறாள். "குத்து." பேனாவைப் பிடுங்கவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன்.

24 ஜூன், செவ்வாய்

நான் தினமும் பஸ்ஸில் போய்வரும் சித்தூர் ஆபீஸில் பக்கத்து சீட்டு சுனிலிடம் புலம்பினேன். அவர் பெண் காவ்யாவுக்கு டெங்கு வந்தபோது தினமும் ரத்தம் எடுத்தார்களாம். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்ன லேபு மேடம். சுஷ்மிதான்னு ஒரு பொண்ணு. ஒரே குத்துதான். பாப்பா கதை கேட்டுக்கினு உக்காந்திருந்திச்சி."

பெரிய ஆஸ்பத்திரியில் முடியாததைப் பஸ் ஸ்டாண்டு லேபில் செய்துவிடுவார்களாக்கும். இருந்தாலும் சனிக்கிழமை போகிறோம். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

28 ஜூன், சனி

எழுத வேண்டும். எழுதியே ஆக வேண்டும்.

நாலு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டி முதல் பஸ் பிடித்தோம். சித்தூர் நெருங்கும்போது மாங்காய் லாரிகள் வரிசையாக வழியை மறித்து நின்றன, அரை மணி அங்கேயே போயிற்று. லேப் ஓர் உரக்கடைக்கு மேலே. சுஷ்மிதாவுக்கு இருபத்துநாலு வயது இருந்தால் அதிகம். ஒரு காதில் இயர்போன். இவளா என்று நினைத்தேன்.

ஊசியை எடுக்கவே இல்லை. வேதாவின் கையைப் பிடித்தாள், உதட்டைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சிச்சா பாப்பா?"

"நேத்து ராத்திரி எட்டு மணிலேர்ந்து ஒரு சொட்டு குடுக்கலை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எழுதவே கூசுகிறது.

"அய்யோ மேடம்! ஒடம்புல தண்ணி இல்லன்னா நரம்பு எப்டி மேல வரும்? சுருங்கிக்கினு உள்ள பூடும். கை பாரு, ஐஸு மாதிரி கீது. தலைக்கி வேற ஊத்திக்கினு வந்தியா?"

"வெறும் வயிறுன்னு சொன்னாளே..."

"தைராய்டுக்கு எதுக்கு வெறும் வயிறு? துன்னுட்டே வரலாம். மாத்திரைதான் ரத்தம் எடுத்தப்புறம் குடுக்கணும். வெறும் வயிறு கேக்கற டெஸ்டுக்கே தண்ணி குடுக்கலாமே? நான் இப்ப குத்த மாட்டேன். போயி தண்ணி குடு, இட்லி குடு, ஒரு மணி நேரம் கழிச்சி வா."

கீழே ஓட்டலில் வேதா ஒரு டம்ளர் குடித்தாள். மூச்சு விடாமல். இரண்டாவது டம்ளரை நான் கீழே வைக்கப் போனபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. என் குழந்தைக்கு இவ்வளவு தாகம் இருந்திருக்கிறது. மார்ச்சில், ஏப்ரலில், ஜூனில் இரண்டு தரம். நான்தான். நர்ஸும் இல்லை, லைட்டும் இல்லை, எந்த வீட்டு நரம்பும் இல்லை. நான்.

திரும்பப் போனபோது சுஷ்மிதா வெந்நீரில் பிழிந்த துணியை வேதாவின் கையில் சுற்றி, கையைக் கீழே தொங்கவிட்டு, என் மடியில் உட்காரவைத்தாள். வலிக்காது என்று பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் வலிக்கும் பாப்பா, வேணும்னா கத்திக்கோ. ரெண்டு குத்துதான், மூணாவது குத்த மாட்டேன்." மெல்லிய ஊசி, இரண்டு பக்கமும் சின்னச் சிறகு வைத்தது. இரண்டாவது குத்துக்கு வேலையே இல்லை. புறங்கையில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. வேதாவுக்கு நரம்பு இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில், "ஏன்னா, ரெண்டு தரம் டம்ளரை எடுத்துண்டு வந்தேளே" என்றேன். சொல்லிக் காட்ட அவருக்கு நல்ல சந்தர்ப்பம். "வெயில் படறது, அவ தலையை உன் பக்கம் சாய்ச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான்.

30 ஜூன், திங்கள்

மாத்திரை போதவே இல்லையாம். டாக்டரம்மா அளவைக் கூட்டியிருக்கிறார். உங்கள் கவுண்டரில் எல்லோரையும் ஏன் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள் என்று சண்டைக்குப் போனேன். "அது தப்புதான், சொல்றேன். ஆனா தண்ணி குடுக்காதேன்னு யார் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை.

9 ஆகஸ்ட், சனி

சித்தூர். ஒரே குத்து. இவரும் உள்ளே வந்து நின்றார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. அளவு இப்போது சரி என்று சாயங்காலமே போனில் சொன்னார்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வேதா பொம்மையை மடியில் வைத்து, என் கைக்குட்டையை அதன் கையில் சுற்றினாள். பேனா பக்கத்தில் கிடந்தது, எடுக்கவில்லை. டம்ளரைத் தூக்கிப் பொம்மையின் வாயில் வைத்து, "பாப்பா, தண்ணி குடி" என்றாள்.

பெருமாள் உள்ளில் ஆராதனத்தைப் பாதியில் விட்டு இவர் எழுந்து ஓடி வந்தார். "பெருந்தேவி, என்ன சொன்னா? திருப்பிச் சொல்லச் சொல்லு." அவள் சொன்னாள். இவர் விரல் விட்டு எண்ணுகிறார். "டாக்டர் ரெண்டுதானேடி கேட்டா? இது மூணு."

பொம்மை குடிக்கவில்லை. தண்ணீர் முழுவதும் பாயில் கொட்டிற்று, மடித்து வைத்த துணியெல்லாம் ஈரம். நான் இன்னொரு டம்ளர் மொண்டு வந்து கொடுத்தேன்.