நிறுத்தக் கூடாதது

ஐப்பசி 9, ஞாயிறு.

கூடத்தில் இரவும் பகலும் ஓடும் சின்ன கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று மகன் இன்று அளந்தான். மலைக்கோட்டைக் கடையில் கரண்ட் அளக்கும் மீட்டர் வாங்கி வந்திருந்தான். அதில் ஓடும் வாசல் கேமரா, பாட்டு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பதினொரு வாட்டை ஏழாக்கிவிட்டான். எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று மருமகளுக்காக ஒரு தாளில் எழுதி, என் எதிரிலேயே கூடத்துச் சுவரில் ஒட்டினான். எனக்குப் படிக்க வராது என்ற பழைய நினைப்பு. ஆறு மாதமாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

"வாசல் கேமரா: பகலில் நிறுத்தலாம். அப்பா ரூம் கேமரா: நிறுத்தக் கூடாது."

என் கட்டிலுக்கு மேலே சுவரில் உள்ள கறுப்புக் குமிழ் நெட் வருவதற்கு என்றுதான் சொல்லியிருந்தான். அதன் கீழேதான் வேட்டி மாற்றுகிறேன். செத்துப்போன மனைவியின் படத்தோடு பேசுகிறேன்.

"ஏம்ப்பா, என் ரூம்ல கேமராவா?"

மருமகள் அடுக்களைக்குள் போய்விட்டாள். மகன் மீட்டரையே பார்த்தபடி, "அதுக்கு ரெண்டு வாட்டுதாம்ப்பா ஆகுது" என்றான்.

"கழட்டு."

"நீங்க விழுந்து கிடந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கழற்றவில்லை. கட்டில் மேல் ஏறி நின்று குமிழ் மேல் துண்டைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அதற்குள் கதவைத் தட்டுகிறான்.

"அப்பா, உள்ள என்ன பண்றீங்க?"